திருவல்லிக்கேணி வீட்டை விற்றோம்

வீட்டை விற்கப்போகிறோம் என்று சொன்னதும் தரகர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், கோயில் மனையா, சொந்த மனையா?" இரண்டாவது கேள்வி, "தெருவில் கார் நுழையுமா?" பத்தொன்பது லட்சம் ரூபாய் போட்டுப் புதுப்பித்த வீடு என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கூடத்துக்கு அழைத்துப்போய் ஃபால்ஸ் சீலிங் விளக்குகளைப் போட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை எதற்குப் போட்டீர்கள்?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

அது பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் வீடு. பதினெட்டு அடி அகலம், அறுபது அடி நீளம். 1,080 சதுர அடி, கிரவுண்டுக் கணக்கில் அரைகூட வராது. தாத்தா 1962-இல் வாங்கியபோதே அது பழைய வீடுதான். வாசலில் திண்ணை, பிறகு நடை, முற்றம், கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கும். வெளிச்சமும் காற்றும் வருவதென்றால் முற்றத்தின் வழியாக வரவேண்டும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் அந்த முற்றத்தை மூடினோம்.

அப்பா 2016-இல் தவறினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கொல்லைக் கழிவறைக்கு மழையில் நனைந்துகொண்டு போகமுடியாது. 2018-இல் தம்பியும் நானும் பணம் போட்டு வீட்டைப் புதுப்பித்தோம். கீழேயே குளியலறை, கழிவறை கட்டியது, கருகிப்போயிருந்த மின்கம்பிகளை முழுக்க மாற்றியது, வாசல் வரை புதிய கழிவுநீர்க் குழாய் பதித்தது, இந்த மூன்றுக்கும் சேர்த்து ஏழு லட்சம் ஆயிற்று. அந்த ஏழு லட்சத்துக்காக இன்று வரை நான் வருத்தப்பட்டதில்லை. மீதிப் பன்னிரண்டு லட்சம்தான் கதை.

முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். சிவப்புக் காவித் தரைக்கு மேல் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினோம். சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது என்று சிமென்ட் பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, வெளிர் பழுப்பு வண்ணம் அடித்தோம். கூடத்துக் கூரையில் வரிசையாகத் தெரிந்த தேக்குக் கட்டைகளும் அவற்றுக்கு மேலிருந்த செங்கல் வரிசையும் 'பழசாக' இருக்கின்றன என்று ஜிப்சம் பலகை அடித்து மறைத்தோம். ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகத் திண்ணையில் பாதியை இடித்தோம். வேலை முடிந்த அன்று படம் எடுத்து உறவினர் எல்லாருக்கும் அனுப்பினேன். "அடையாளமே தெரியவில்லையே!" என்று அத்தை கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

2023-இல் அம்மா படியில் தடுக்கி விழுந்த பிறகு தனியே விட்டுவைக்க முடியவில்லை. பல்லாவரத்தில் என்னோடு வந்து இருக்கச் சம்மதிக்கவே ஆறு மாதம் பிடித்தது. 2024 சித்திரையில் வீட்டை விற்கத் தீர்மானித்தோம். விலை சொல்லும்போது நாங்கள் செய்த தவறை அப்படியே சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்ட மனை விலையை 1,080-ஆல் பெருக்கினோம். அதோடு பத்தொன்பது லட்சத்தைக் கூட்டினோம். 'பேரம் பேசுவார்கள்' என்று மேலே ஆறு லட்சம் ஏற்றினோம். ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் வந்தது. தரகர் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டார். அவருக்கு ஒரு சதவீதம் தரகு என்று பேச்சு. விலை அதிகம் என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் ஆள் வராமல் இருந்தால் நாங்களே இறங்கிவருவோம் என்று அவருக்குத் தெரியும்.

திருவல்லிக்கேணியில் வீடு பார்க்க வருபவர்கள் மூன்று ரகம் என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். முதல் ரகம், மேன்ஷன் நடத்துபவர்கள். இந்தப் பேட்டை வேலை தேடி வரும் இளைஞர்களுக்குப் பல தலைமுறைகளாக இடம் கொடுத்து வந்திருக்கிறது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, பொதுக் குளியலறை. அப்படி வந்த ஒருவர் டைல்ஸ், சுவர் எதையும் பார்க்கவில்லை. நடந்துகொண்டே விரலை மடக்கி எண்ணினார். "கீழே எட்டு, மேலே நாலு. பன்னிரண்டு கட்டில் போடலாம்" என்றார். எழுபது லட்சம் பத்திரத்தில் காட்டுவோம், மீதி ரொக்கம் என்றும் சொன்னார். அசையாச் சொத்து விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக வருமானவரித் துறை அபராதம் போடலாம். அது போக, கணக்கில் வராத பணத்தை வைத்துக்கொண்டு எழுபத்து நான்கு வயது அம்மா என்ன செய்வார்? எங்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, போகும்போது அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது ரகம், இடித்துக் கட்ட நினைப்பவர்கள். அவர்கள் வீட்டுக்குள் வருவதேயில்லை. தெருவில் நின்று டேப்பைப் பிடித்துத் தெருவின் அகலத்தை அளக்கிறார்கள். எத்தனை மாடி எழுப்பலாம், எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதற்கெல்லாம் தெருவின் அகலமும் மனையின் அகலமும்தான் கணக்கு. பதினெட்டு அடி மனையைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூன்றாவது ரகம், குடியிருக்க வருபவர்கள். புதுப்பித்த வேலைக்கு மதிப்புக் கொடுக்கக்கூடியவர்கள் இவர்கள் மட்டும்தான், ஆனால் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுபவர்களும் இவர்கள்தான். நாங்கள் விலை சொன்ன கணக்கு முதல் இரண்டு ரகத்துக்குப் பொருந்தவே பொருந்தாது என்று ஏப்ரலிலேயே தெரிந்திருந்தால் கோடை முழுவதும் காத்திருந்திருக்க வேண்டாம்.

குடியிருக்க வருபவர்களுக்கு நான் வீடு காட்டிய விதமும் தவறு. பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்வேன். அந்த நேரத்தில் சந்து உறங்கும். பூக்காரம்மா கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். எல்லாரும் "அமைதியான தெரு" என்று சந்தோஷப்படுவார்கள். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பார்கள். பாரதி சாலை பக்கம் ஆட்டோ நகராது. நடைபாதை முழுக்கக் கடை. பார்த்தசாரதி கோயில் வாத்தியம் ஒரு பக்கம், பெரிய மசூதியின் பாங்கு ஒரு பக்கம், எதிர்வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட் நடுவில். அடுத்த நாள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். இரண்டு பேர் அப்படிப் போன பிறகு நேரத்தை மாற்றினேன். மாலை ஆறரைக்கு வாருங்கள், இரண்டு சக்கர வண்டியில் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். வருபவர்கள் குறைந்தார்கள். ஆனால் வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள்.

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைக்காட்சியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிக்கொண்டே இருப்பார். அதற்குள் மைதானத்திலிருந்து இரைச்சல் வந்துவிடும். விக்கெட்டா, சிக்ஸரா என்று இரைச்சலை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். இதை எந்த விளம்பரத்திலும் எழுத எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் வீட்டை வாங்கியவர் என்னிடம் விரும்பிக் கேட்ட முதல் விஷயம் இதுதான்.

அவருக்கு முன்னால், ஜூலையில் ஏறக்குறைய முடிந்துவிட்ட ஒரு விற்பனை முறிந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் ஒரு கோடியே நாற்பத்தெட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஆவணங்களை அவர்களுடைய வக்கீலிடம் கொடுத்தோம். தாத்தாவின் 1962 கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எங்கள் மூவர் பெயரும் இருந்த வாரிசுச் சான்றிதழ். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற நிமிர்வோடு போய் உட்கார்ந்தேன். வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "உங்கள் தாத்தா எப்போது காலமானார்?" என்றார்.

"1991."

"உயில்?"

"இல்லை."

"அவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

"அப்பாவும் அத்தையும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அத்தை எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்?"

எங்கேயும் போடவில்லை. தாத்தா போனதும் வீட்டு வரியை அப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இருபத்தைந்து வருடம் அவரே கட்டினார். வீடு அவருடையது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வரி ரசீது யார் வரி கட்டினார் என்பதைத்தான் சொல்லும், யாருக்கு உரிமை என்பதைச் சொல்லாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் சரிசமமாகப் போகும். பாட்டி தாத்தாவுக்கு முன்பே போய்விட்டதால், வீட்டில் பாதி அத்தையுடையது. மகளுக்குப் பங்கு என்பது 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் வந்தது என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அவை பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றிய திருத்தங்கள். அப்பன் சொந்தமாகச் சம்பாதித்ததில் மகளுக்கு அதற்கு வெகு முன்பே பங்கு இருக்கிறது. ஒரு மகளாகிய எனக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

வாங்க இருந்தவர்கள் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு விலகினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி, "தொலைபேசியில் சொல்லு, வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்" என்றான். நான் நேரில் போனேன். காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கும்பகோணம் டிகிரி காப்பியும் வெற்றிலைப் பெட்டியும் வந்தன. விஷயத்தைச் சொன்னேன். அத்தை நிதானமாகப் பாக்கை வெட்டிக்கொண்டே கேட்டார். "எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நான் சொல்லுவேன் என்றுதானே வந்திருக்கிறாய்?" உண்மை. தலையை ஆட்டவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. "பாதி எனக்கென்று சட்டம் சொல்கிறது. அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை பார்த்துக்கொண்டவன் உன் அப்பா. ஒழுகின கூரையை அடைத்தவனும் அவன்தான். கால் பங்கு போதும். ஆனால் அந்தக் கால் கணக்காக என் கைக்கு வரவேண்டும்."

அத்தை சொன்னது நியாயம். ஆகவே கால் பங்கை வைத்துக்கொண்டு மீதிக் கால் பங்கை எங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். விற்பனைப் பத்திரத்தில் நான்கு விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டார். இதற்காக இரண்டு தடவை உழவன் எக்ஸ்பிரஸில் வந்துபோனார். இரண்டு தடவையும் கீழ்ப்படுக்கை வாங்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனை. வீட்டைப் பளபளப்பாக்கச் செலவு செய்த பன்னிரண்டு லட்சத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து 2018-லேயே ஒரு நல்ல வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டியிருந்தால் ஜூலையிலேயே வீடு போயிருக்கும். புதுப்பிக்க மேஸ்திரியைத் தேடுவதற்கு முன் தாத்தா பெயரிலிருந்து உங்கள் பெயர் வரை சங்கிலி எங்காவது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவையும் பாருங்கள். எங்கள் பத்திரத்தில் சக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய எண்; இரண்டும் ஒரே வீடுதான் என்று நிரூபிக்க ஒரு மாதம் அலைந்தேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் வீடு காட்டக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் பழுப்பு வண்ணச் சுவரில், இடுப்பு உயரத்துக்கு, தேசப்படம் போல ஓதம் எழுந்து உப்புப் பூத்திருந்தது. அவசரமாக ஆளைக் கூப்பிட்டு அதன்மேல் மறுபடி வண்ணம் அடிக்க முன்பணம் கொடுத்துவிட்டேன். அவர் வருவதற்குள் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழை வந்துவிட்டது. அடுத்த நாள் காலை தரகர் கூப்பிட்டார். "ஒரு குடும்பம் இன்றைக்கே பார்க்கவேண்டும் என்கிறார்கள்."

"இன்றைக்கா? வேண்டாம்."

"மழை பெய்திருக்கிறது, அதனால்தான் இன்றைக்கு என்கிறார்கள்."

வந்தவர் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மனைவி பள்ளி ஆசிரியை. கூடவே உறவினர் ஒருவர், கட்டடப் பொறியாளர், ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் நீளமான ஒரு திருப்புளி. அந்தத் திருப்புளியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓதம் இருந்த இடத்தில் சிமென்ட் பூச்சு பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. "சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். நீங்கள் அதற்கு மேல் சிமென்ட் கோட்டு மாட்டிவிட்டீர்கள். ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது" என்றார். பிறகு கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?"

"பழைய மெட்ராஸ் டெரஸ்."

"திறந்து காட்டமுடியுமா?"

தம்பியைத் தொலைபேசியில் கேட்டேன். கூடவே கூடாது என்றான். திறந்தால் என்ன வருமோ, பார்த்துவிட்டு ஓடிவிட்டால் சீலிங்கும் போகும், ஆளும் போவார். அவன் சொன்னது தப்பில்லை. கடைசி தடவை வீட்டைப் பார்ப்பதாகச் சொல்லி என்னோடு வந்திருந்த அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நம் வீட்டுக் கூரையை நாம் பார்த்தே ஆறு வருடமாகிறது. திறக்கச் சொல்" என்றார்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தி, ஜிப்சம் பலகையில் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக அறுத்து எடுத்தோம். வெள்ளைப் பொடி மழையாகக் கொட்டியது. ஏணி மேல் ஏறி டார்ச் அடித்தார் பொறியாளர். இருட்டிலிருந்து தேக்குக் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்து, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல். அவற்றுக்கு மேல், ஒல்லிச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வு வரிசையாகச் சுண்ணாம்பில் அடுக்கிய தளம். இந்தக் கூரையை எப்படிப் போடுவார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டே போனார். செங்கல் வரிசைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்களாம். அதன்மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். உச்சி வெயிலிலும் கீழே சூடு இறங்காது. இதை மறைப்பதற்குத்தான் நாங்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்திருந்தோம்.

அவர் ஏணியை முற்றத்துப் பக்கம் நகர்த்தி அங்கேயும் ஒரு சதுரம் அறுக்கச் சொன்னார். சுவருக்குள் கட்டை நுழையும் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். மற்ற கட்டைகளில் அது டக்கென்று நின்றது. அந்த ஒரு கட்டையில் வெண்ணெயில் போவது போல இரண்டு அங்குலம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரமான பழுப்புத் தூளும் இரண்டு கரையான்களும் இருந்தன. பாலிகார்பனேட் ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் ஆறு வருடமாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே வைத்திருக்கிறது. ஜிப்சம் பலகை அதை யார் கண்ணிலும் படாமல் காத்திருக்கிறது. நாங்கள் செய்த மூன்று 'மேம்பாடுகள்' கூட்டுச் சேர்ந்து ஒரு கட்டையைத் தின்றிருந்தன.

கதை முடிந்தது என்று நினைத்தேன். வாங்க வந்தவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஒன்றுதானே?" என்றார். பழைய வீட்டின் கூரையை ஒருவர் மூடிவைத்திருந்தால் பார்க்கிறவருக்கு எல்லாக் கட்டையும் உளுத்ததாகத்தான் தோன்றும்; திறந்தபின் உளுத்தது ஒன்று என்று எண்ணிவிடலாம். கட்டையை மாற்ற இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்று பொறியாளர் கணக்குப் போட்டார். மூன்று லட்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கோடியே நாற்பத்து இரண்டு லட்சத்தில் பேச்சு முடிந்தது. நாங்கள் புதுப்பித்ததில் அவர்கள் தனியே காசு கொடுத்ததாகச் சொல்லக்கூடியவை கழிவுநீர்க் குழாயும் மின்கம்பியும் மட்டும்தான். அவற்றின் ரசீதுகளையும், குழாய் பதிக்கும்போது தரையை மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும் வைத்திருந்தேன். சுவர் மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். வண்ணம் அடிக்கக் கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை.

வரி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஆடிட்டர் வேண்டும், நான் போதாது. பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கவேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீடு என்பதால், பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம், குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். எங்களுக்குக் குறியீட்டுக் கணக்குதான் லாபம். 2024-25-க்குக் குறியீடு 363. ரசீது இருந்த புதுப்பிப்புச் செலவையும் அதில் காட்டினோம். மேஸ்திரிக்குக் கையில் கொடுத்த மூன்று லட்சத்துக்கு ரசீது இல்லை. அது காற்றோடு போயிற்று. ஐம்பது லட்சத்துக்குக் குறையாத விற்பனையில் வாங்குபவர் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்டவேண்டும். எங்கள் நால்வரில் எவர் பங்கும் ஐம்பது லட்சத்தை எட்டவில்லை, ஆகவே பிடித்தம் கிடையாது என்று தம்பி வாதாடினான். 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலையைத்தான் பார்க்கவேண்டும். நால்வரின் பான் எண்ணிலும் தனித்தனியே பிடித்தார்கள். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம். பேரத்தின்போது அவர் கையிலிருந்து இந்தப் பணமும் போகிறது என்பதை விற்பவர் நினைவில் வைத்துக்கொண்டால் பேச்சு சுமுகமாக இருக்கும்.

மார்கழியில் பதிவு வேண்டாம் என்றார்கள் அவர்கள். அம்மாவுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஜனவரி 10-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசியை அந்த வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வருவேன் என்றார். தை பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். முகூர்த்த நாள், கூட்டம் நெரிந்தது. அத்தையின் கட்டைவிரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. எழுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், என்றார் அத்தை. துடைத்து, ஈரப்படுத்தி, மறுபடி துடைத்து, ஐந்தாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. பணம் வரவேண்டிய கணக்கில் வந்துவிட்டதா என்று அத்தை தன் பேரனைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

சாவியோடு ஒரு காகிதமும் கொடுத்தேன். மின் இணைப்பு எண், குடிநீர் வரி எண், அரையாண்டுச் சொத்து வரி எது வரை கட்டியிருக்கிறது, மோட்டார் சுவிட்ச் எங்கே, கழிவுநீர்த் தொட்டி மூடி எந்த டைல்ஸுக்குக் கீழே என்பதெல்லாம். எதுவும் விட்டுப்போகவில்லை என்று நினைத்தேன்.

மாசியில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு வாங்கியவரின் மனைவி கூப்பிட்டார். மெட்ரோ தண்ணீர் வந்திருக்கிறது போலிருக்கிறது, வாசல் அடிபம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வருகிறது, எதிர்வீட்டில் வருகிறது, எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்றார். நான் விழித்தேன். தொலைபேசியை அம்மா வாங்கிக்கொண்டார்.

"ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்று அம்மா. ஊற்றிவிட்டு மெதுவாக ஏழெட்டு அடி. வேகமாக அடிக்காதே, அதற்குப் பிடிக்காது." கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கரகரவென்று இரும்புச் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். "வந்துவிட்டது பார்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் கொடுத்தார்.